இறங்குவதற்கு முன்னோடி இல்லை

வித்யாலட்சுமிக்கு வந்த கஷ்டமெல்லாம், கேட்ட கேள்விக்கு அவள் உண்மையைச் சொன்னதால் வந்தது.

அவளுடைய முதல் படம் 'மேலே ஒரு லாரி' வெளியாகி, யாரும் எதிர்பாராமல் ஓடிக்கொண்டிருந்த சமயம். ஒரு பேட்டியில், இந்தப் படத்தில் எந்தெந்தச் செவ்வியல் படங்களின் தாக்கம் இருக்கிறது என்று கேட்டார்கள். இந்தக் கேள்வி இல்லாமல் அறிவியல் புனைகதை எடுத்தவர்களிடம் பேட்டி எடுப்பதில்லை. கேட்கப்பட்டவரும் கண்ணை லேசாக மூடிக்கொண்டு நாலு வெளிநாட்டுப் பெயர்களைச் சொல்வார். அதில் ஒன்றைத் தப்பாக உச்சரிப்பார். எல்லோரும் தலையாட்டுவார்கள். வித்யா மட்டும் கொஞ்ச நேரம் யோசித்துப் பார்த்தாள். அப்படி எதுவும் இல்லை என்றாள். எங்கள் தெருவுக்குத் தண்ணீர் லாரி வரும், மூன்றாவது மாடிக்குமேல் தண்ணீர் ஏறாது என்று டிரைவர் சண்டை போடுவார், அதைப் பார்த்துத்தான் எழுதினேன் என்று சொன்னாள்.

அவள் குடியாத்தத்துக்காரி. படிப்பு முடிந்த கையோடு பெங்களூருக்கு வந்து, எலக்ட்ரானிக் சிட்டியில் மென்பொருள் சோதிக்கும் வேலையில் சேர்ந்து, ஹெப்பகோடியில் வீடு எடுத்தவள். லீவு நாட்களில் கூட வேலை பார்த்தவர்களைச் சேர்த்துக்கொண்டு, பாதியில் நின்றுபோன ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில்தான் அந்தப் படத்தை எடுத்தாள். பூமியில் தண்ணீர் வற்றிப்போகிறது. வசதி உள்ளவர்கள் வானத்தில் ஒரு குடியிருப்பைக் கட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள். அவர்களுக்குக் கீழேயிருந்து தண்ணீர் கொண்டுபோகிறான் ஒரு வயதான டிரைவர். விண்வெளித் தலைக்கவசத்துக்குச் சிவாஜிநகரில் பிரியாணி செய்யும் டேக்சாப் பாத்திரம் வாங்கிக் கண் இருக்கும் இடத்தில் வெட்டினார்கள். லிஃப்டுக்காக விட்டிருந்த குழிதான் ராக்கெட் பாதை. கடைசியில் டிரைவர் தண்ணீரைக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது, வேலை முடிந்துவிட்டதென்று மேலே இருப்பவர்கள் பாதையை மூடிவிடுகிறார்கள். அவன் அங்கேயே நிற்கிறான். படம் முடிந்துவிடும்.

டிரைவராக நடித்தவர் டிரேவர். அல்சூரில் பிறந்து அல்சூரிலேயே வயதானவர். ஹோட்டல் ஒன்றில் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவர். கல்யாண வீடுகளில் பாடுவார். அவர் வீட்டு வாசலில் தண்ணீர் லாரிக்காரனோடு அவர் போட்ட சண்டையைத் தற்செயலாகப் பார்த்துத்தான் வித்யா அவரை நடிக்கக் கூப்பிட்டாள். வசனத்தை மனப்பாடம் செய்ய மாட்டார். வாய்க்கு வந்ததைப் பேசுவார். படம் ஓடியதற்கு அவர் முகம்தான் காரணம் என்பது வித்யாவுக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.

இரண்டாம் பாகத்தின் கதை ஒரு வரிதான். அவன் இறங்கி வருகிறான்.

ஒரு தயாரிப்பாளர் முன்வந்தார். அவசரப்பட வேண்டிய காரணமும் இருந்தது. டிரேவருடைய நுரையீரல் இறுகிக்கொண்டே போகிறது, மருந்தால் நிறுத்த முடியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவர் மனைவி பெட்டி இதை வித்யாவிடம் மாடிப்படி ஓரமாகக் கூட்டிப்போய்ச் சொன்னாள். "மழைக்காலத்துக்குள்ள எடுத்து முடிச்சிடும்மா. அப்புறம் அவரால நடக்க முடியாது."

அந்தப் பேட்டியைச் செவ்வியல் திரைத் தாக்க மையத்திலும் பார்த்திருந்தார்கள்.

அந்த மையம் அல்சூர் ஏரிக்குப் பின்னால் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் இருந்தது. பெரிய கம்பெனிகள் சேர்ந்து தர்ம காரியமாக நடத்துவது. பழைய நல்ல படங்களின் தாக்கம் புதிய படங்களில் முறையாக இருக்கிறதா என்று பார்த்துச் சான்று கொடுப்பது அதன் வேலை. அந்தச் சான்று இல்லாத அறிவியல் புனைகதைப் படத்தைத் திரையிடுவதில்லை என்று தியேட்டர்காரர்களும் இணையத்தில் படம் போடுகிறவர்களும் ஒப்பந்தம் செய்திருந்தார்கள். ஏன் அறிவியல் புனைகதைக்கு மட்டும் என்று வித்யா கேட்டபோது தயாரிப்பாளர் தனக்குத் தெரியாது என்றார். போய் வாங்கிக்கொண்டு வந்துவிடம்மா, ஒரு வாரத்து வேலை என்றார்.

மையத்தின் தலைவர் நாணு. அரசாங்க வேலையில் பெரிய பதவிகளில் இருந்து ஓய்வு பெற்றவர். தமிழ் நன்றாகப் பேசுவார். ஒவ்வொரு விஷயத்தையும் சொல்லி முடித்தபின் 'கொத்தாய்த்தா' என்று கன்னடத்தில் கேட்பார். புரிந்ததா என்று அர்த்தம். பதிலுக்குக் காத்திருக்க மாட்டார்.

செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அவர் அறைக்குள் போக வேண்டும். சுவரில் பழைய படச்சுருள்கள் கண்ணாடிக்குள் இருந்தன. அவற்றுக்குப் புதிதாக மல்லிகைப் பூ வைத்திருந்தார்கள்.

"எதிர்காலம் ரொம்ப ஆபத்தான இடம்மா" என்றார் நாணு. "யாரும் பார்த்ததில்லை. அங்க போறவங்க பழசைப் பிடிச்சுக்கிட்டுத்தான் போகணும். நான் அத்தனை வருஷம் சர்வீஸ்ல ஒரு காரியத்தைக்கூட முன்மாதிரி இல்லாமச் செய்ததில்லை. முன்மாதிரி இல்லாத காரியம் வந்தா, ரிடையர் ஆகற வரைக்கும் அதைத் தொடவே மாட்டேன். இன்னிக்கு வரைக்கும் என்மேல ஒரு புகார் கிடையாது. கொத்தாய்த்தா?"

பிறகு அவளை மதிப்பீட்டு அதிகாரி ஷ்ரேயாஸிடம் அனுப்பினார்கள். சிரித்த முகம், நல்ல சட்டை, எப்போதும் பாதி குடித்த காபி. கதையில் ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு மூதாதைப் படம் இருக்க வேண்டும் என்று அவர் விளக்கினார். மூதாதை இல்லாத காட்சிக்கு அநாதைக் காட்சி என்று பெயர். ஒரே காட்சிக்கு இரண்டு மூதாதைகள் இருந்தால் அதன் நடத்தை சந்தேகத்துக்குரியது. தனி விசாரணை உண்டு. வித்யாவின் கதையைப் படித்துவிட்டு அவர் காபியைக் கீழே வைத்துவிட்டார்.

"மேடம், இது அநாதை ஆசிரமம்" என்றார்.

முதல் படத்தைப் பற்றியும் அவர்களுக்குக் கவலை இருந்தது. அந்தப் பிரியாணி டேக்சாக்கள் எந்தப் படத்தின் தாக்கம் என்று ஒரு பேராசிரியர் நீண்ட கட்டுரை எழுதியிருந்தார். கடையில் அதுதான் மலிவாகக் கிடைத்தது என்று வித்யா சொன்னாள். அதைப் பதிவு செய்ய வேண்டாம் என்று ஷ்ரேயாஸ் பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டார்.

தாக்கம் குறைவாக உள்ள இயக்குநர்களுக்கு மையமே பயிற்சி கொடுத்தது. காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரு குளிர்ந்த அரங்கத்தில் உட்கார்ந்து கறுப்பு வெள்ளைப் படங்கள் பார்க்க வேண்டும். மணிக்கட்டில் சிலிர்ப்புமானி என்று ஒரு பட்டையைக் கட்டிவிடுவார்கள். எந்த இடத்தில் எவ்வளவு சிலிர்த்தது என்று அது எழுதிக்கொள்ளும். வித்யாவுக்கு முதலில் ஆசையாகத்தான் இருந்தது. ஒரு படத்தில், ஒரு கிழவன் ரயில் நிலையத்தில் டிரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்து ஆரஞ்சுப் பழத்தை உரித்துக்கொண்டிருந்தான். அவ்வளவு அழகாக இருந்தது. பக்கத்திலிருந்தவரிடம் அதைச் சொன்னாள். பேசினால் தாக்கம் கசிந்துவிடும் என்று மேற்பார்வையாளர் வந்து கண்டித்தார். அந்தக் காட்சியில் சிலிர்க்க வேண்டியதில்லை என்றும், இரண்டு காட்சி தள்ளித்தான் சிலிர்க்க வேண்டும் என்றும் சொன்னார். பக்கத்திலிருந்த இயக்குநர் வேகமாகத் தன் கையைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு இது நாலாவது பயிற்சி.

மதியத்துக்குமேல் வித்யா தூங்கிப்போனாள். ராத்திரி வேலையிலிருந்து நேரே வந்திருந்தாள். அரங்கத்தின் குளிரில் உடம்பு சிலிர்த்துக்கொண்டேயிருந்தது. பயிற்சி முடிந்தபோது அந்தக் குழுவிலேயே அவளுக்குத்தான் அதிகத் தாக்கம் ஏற்பட்டிருந்தது. நாணு மேடையில் அவளுக்குச் சால்வை போட்டார். கண்ணை மூடி உள்வாங்கிய ஒரே பயிற்சியாளர் என்று பாராட்டினார்.

அன்றைக்குச் சால்வையோடு நேரே டிரேவர் வீட்டுக்குப் போனாள். மூக்கில் குழாயோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஆக்சிஜன் இயந்திரம் இரைந்துகொண்டிருந்தது. சான்று கிடைத்துவிட்டதா என்று கேட்டார். இன்னும் இல்லை என்றாள்.

"இன்னாத்துக்கு சான்று?"

"நம்ம படத்துக்குப் பழைய படத்தோட தாக்கம் இருக்குன்னு, அங்கிள்."

அவர் மூச்சு வாங்கிச் சிரித்தார். "நானே பழைய படம்தான் மேன். என்ன காட்டு அவங்களுக்கு."

பெட்டி டீ கொண்டுவந்தாள். வித்யாவின் கையிலிருந்த சால்வையைப் பார்த்தாள். மழை தொடங்கியிருந்தது.

அடுத்த வாரம் ஷ்ரேயாஸ் கூப்பிட்டு, பல காட்சிகளுக்கு மையமே மூதாதைகளைத் தத்து கொடுத்துவிட்டது என்று சொன்னார். டிரைவர் மேலே தனியாகச் சாப்பிடுவதற்கு ஒரு ஜப்பானிய மூதாதை. அவன் துணி துவைப்பதற்கு ஓர் இத்தாலிய மூதாதை. அதனால் துணி கைலியாக இருக்கக் கூடாது, படுக்கை விரிப்பாக இருக்க வேண்டும். ஒரே ஒரு காட்சிதான் மிச்சம். அவன் இறங்கி வருவது. ஏறுவதற்கு எத்தனையோ செவ்வியல் முன்னோடிகள் இருக்கின்றன. விண்வெளியிலிருந்து ஒருவன் படி வழியாக நடந்து இறங்குவதற்கு எதுவும் கிடைக்கவில்லை. அந்தக் காட்சியை எடுத்துவிட்டால் சான்று நாளைக்கே தயார்.

அப்போதுதான் வித்யா அந்தப் பொய்யைச் சொன்னாள்.

முன்னோடி இருக்கிறது என்றாள். 'உயரத்தில் ஒருவன்' என்று ஒரு மௌனப் படம். இப்போது வரைபடத்தில் இல்லாத ஒரு நாட்டில் எடுத்தது. சண்டையில் அதன் பிரதிகளெல்லாம் எரிந்துபோய்விட்டன. யாரோ எழுதியதைப் படித்திருக்கிறேன். சொல்லச் சொல்ல அவள் குரலில் ஒரு தைரியம் வந்தது. மென்பொருள் சோதிக்கும் வேலையில் மேலதிகாரிகளிடம் எத்தனையோ முறை இப்படிப் பேசியிருக்கிறாள்.

ஷ்ரேயாஸின் முகம் மலர்ந்தது. தொலைந்துபோன படத்தின் தாக்கம்தான் உச்சத் தகுதி. இங்கே இதுவரை யாரும் அதை வாங்கியதில்லை என்றார். உடனே அவளைத் தலைவரிடம் கூட்டிப்போனார். நாணு படத்தின் பெயரைக் கேட்டதும் ஜன்னலைப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நான் அதைப் பார்த்திருக்கேன்மா. சின்ன வயசுல, ஒரு ஃபிலிம் சொசைட்டில. அழுதுட்டேன்."

வித்யாவுக்கு அந்த நிமிஷத்தில் சந்தோஷமாகத்தான் இருந்தது. படம் பிழைத்தது என்று நினைத்தாள்.

"ஆனா ஒண்ணு" என்றார் நாணு. "அந்தப் படத்துல அவன் இறங்க மாட்டான். கடைசி வரைக்கும் மேலயே நிப்பான். அதுதான் அதோட பெருமை. அதைப் போய் நீங்க மாத்த முடியாது. கொத்தாய்த்தா?"

அவள் வேறு வழி தெரியாமல் உண்மையைச் சொல்லிவிட்டாள். சார், அப்படி ஒரு படமே இல்லை, நான் சும்மா சொன்னேன் என்றாள். ஷ்ரேயாஸ் காபிக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நாணு கோபப்படவில்லை. வருத்தப்பட்டார். "நான் அழுத படத்தை இல்லைன்னு சொல்றீங்களே."

இறங்கும் காட்சி நீக்கப்பட்டது. உச்சத் தகுதி வழங்கப்பட்டது. தயாரிப்பாளர் தொலைபேசியில் அழைத்து வாழ்த்துச் சொன்னார். இறங்கவில்லை என்றால் கதையே இல்லை என்று அவள் சொன்னாள். மூன்றாம் பாகத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

மறுநாள் காலையில் ஒரு நண்பனின் கேமராவை வாங்கிக்கொண்டு அல்சூருக்குப் போனாள். சான்றும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று முடிவு செய்திருந்தாள். டிரேவர் வீடு மாடியில் இருந்தது. அந்தப் படிக்கட்டிலேயே எடுத்துவிடலாம் என்றாள். பெட்டி வேண்டாம் என்றாள். டிரேவர் ஏற்கெனவே எழுந்து நின்று பழைய டிரைவர் சட்டையைப் போட்டுக்கொண்டிருந்தார். சட்டை தொளதொளவென்று தொங்கியது. மூக்கிலிருந்த குழாயை அவரே கழற்றி நாற்காலியில் மாட்டினார்.

மழை விட்டு வெளிச்சம் நன்றாக இருந்தது. கீழே கேமராவோடு வித்யா நின்றாள். அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து இறங்கினார். நடிக்கவில்லை. நடிக்க அவரிடம் மூச்சு இல்லை. அப்படியும் அந்த முகத்தில், எத்தனையோ வருஷம் கழித்து மண்ணை மிதிக்கப்போகிறவனின் பரபரப்பு இருந்தது. வித்யாவுக்குக் கண் மறைத்தது. துடைத்தால் கேமரா ஆடும் என்று அப்படியே நின்றாள். பாதிப் படியில் அவர் உட்கார்ந்துவிட்டார். உதடு நீலமாகிவிட்டது. பெட்டி இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு மேலிருந்து ஓடி வந்தாள். மிச்சத்தை நாளைக்கு எடுக்கலாம் என்று டிரேவர் கையைக் காட்டினார். பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேர் அவரை நாற்காலியோடு மேலே தூக்கிக்கொண்டு போனார்கள்.

அந்த வாரத்திலேயே ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். வித்யா அந்த வெளிச்சத்தையும் படிக்கட்டையும் நினைத்து நினைத்துத் தன்னையே திட்டிக்கொண்டாள். பெட்டி அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

மையத்தில் இரங்கல் கூட்டம் நடந்தது. டிரேவரின் புகைப்படத்துக்கு, சுவரிலிருந்த படச்சுருள்களுக்குப் போட்டதைவிடப் பெரிய மாலை போட்டிருந்தார்கள். நாணு பேசினார்.

"உயிரோட இருக்கிறவங்க தாக்கம் கொடுக்க முடியாது. தொந்தரவுதான் கொடுக்க முடியும். சம்பளம் கேப்பாங்க, வசனத்தை மாத்துவாங்க, உடம்பு சரியில்லைம்பாங்க. டிரேவர் போன வாரம் வரைக்கும் ஒரு நடிகர். இன்னிக்கு அவர் ஒரு செவ்வியல். அவரை நாம இழக்கலை. இப்பத்தான் அவர் நமக்கு முழுசாக் கிடைச்சிருக்கார்."

கைதட்டினார்கள். முன்வரிசையில் கறுப்புப் புடவையில் இருந்த பெட்டிக்கும் ஒரு சால்வை போட்டார்கள்.

இரண்டாம் பாகம் நின்றுவிடும் என்று வித்யா நினைத்திருந்தாள். நிற்கவில்லை. முதல் படத்திலிருந்து டிரேவரின் முகத்தையும் குரலையும் எடுத்துக் கணினியில் புதிய டிரேவரைச் செய்தார்கள். தன் பெயரைப் போடக் கூடாது என்று அவள் சொல்லிப் பார்த்தாள். தொலைந்த படத்தின் தாக்கத்தைப் பெற்றவர் பெயர் இல்லாவிட்டால் தகுதி ரத்தாகிவிடும் என்றார் ஷ்ரேயாஸ். அவளுடைய ஒப்பந்தமும் அப்படித்தான் இருந்தது. புதிய டிரேவர் மனப்பாடமாக வசனம் பேசினார். இருமவில்லை. உடம்பு நன்றாகத் தேறியிருந்தது.

சிறப்புக் காட்சி மையத்தின் அரங்கிலேயே ஒரு பகல் வேளையில் நடந்தது. படத்தில் டிரைவர் ஜப்பானிய முறைப்படி தனியாகச் சாப்பிட்டான், இத்தாலிய முறைப்படி படுக்கை விரிப்பைத் துவைத்தான், கடைசியில் பூமியைப் பார்த்தபடி அப்படியே நின்றான். விளக்குப் போட்டதும் எல்லோரும் எழுந்து நின்று தட்டினார்கள். வித்யாவை மேடைக்குக் கூப்பிட்டார்கள்.

அவள் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு நிதானமாகச் சொன்னாள். 'உயரத்தில் ஒருவன்' என்று ஒரு படம் கிடையாது. அது நான் சொன்ன பொய். என் கதையில் அவர் இறங்கி வருவார். அவரை இறங்க விடாமல் செய்தது நீங்களும் நானும்தான்.

பின்வரிசையிலிருந்து ஒருவர் தட்டத் தொடங்கினார். பிறகு அரங்கமே தட்டியது. நாணு எழுந்து வந்து ஒலிபெருக்கியை வாங்கிக்கொண்டு, மூதாதையை மறுப்பதும் செவ்வியல் மரபுதான் என்று நெகிழ்ந்து போய்ச் சொன்னார். தொலைந்த அந்தப் படத்தைப் பற்றி அடுத்த மாதம் கருத்தரங்கு என்றும், அதைப் பார்த்த மூன்று பேராசிரியர்கள் நினைவுகளைப் பகிர்ந்துகொள்வார்கள் என்றும் அறிவித்தார்.

வித்யா மேடையை விட்டு இறங்கி வெளியே வந்தாள். வரவேற்பறையில் பெட்டி சால்வையை மடியில் மடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதிரே ஷ்ரேயாஸ் நின்று மூன்றாம் பாகத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். டிரேவர் சாரின் முகத்தை அதிலும் பயன்படுத்திக்கொள்ள அனுமதி வேண்டும் என்றார்.

பெட்டி அவர் சொன்னதைக் கவனமாகக் கேட்டாள். "அதுலயாவது அவர் இறங்குவாரா?"

ஷ்ரேயாஸ் நேர்மையாக யோசித்தார். "குழுதான் முடிவு பண்ணணும் மேடம். குடும்பத்துலேர்ந்து ஒரு மனு கொடுத்தீங்கன்னா பரிசீலிப்பாங்க." உள்ளே போய் ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும் கொண்டுவந்து வைத்துவிட்டு, விருந்தினர்களை வழியனுப்பப் போனார்.

வித்யா பக்கத்தில் உட்கார்ந்தாள். போய்விடலாம் ஆன்ட்டி என்றாள். இவர்கள் செய்ய மாட்டார்கள், இது அவரே இல்லை, வெறும் படம் என்றாள். பெட்டி தலையாட்டினாள். அவளுக்கு அது தெரியாமல் இல்லை.

"தெரியும்மா. ஆனா எப்பப் போட்டாலும் அங்கயே நிப்பார், இல்ல? ஜனங்க பார்த்துக்கிட்டே இருப்பாங்க." தாளை வித்யா பக்கம் நகர்த்தினாள். "நீ எழுது. உனக்குத்தான் இவங்க பாஷை தெரியும்."

வித்யா வெகுநேரம் பேனாவைத் தொடவில்லை. உள்ளே மறுபடியும் கைதட்டல் கேட்டது. பெட்டி காத்திருந்தாள்.

வித்யா பேனாவை எடுத்து எழுதத் தொடங்கினாள்: மதிப்பிற்குரிய ஐயா, 'உயரத்தில் ஒருவன்' படத்தின் தொலைந்துபோன இரண்டாம் பாகத்தில், அவன் இறங்கி வருவதைத் தாங்கள் சின்ன வயதில் பார்த்திருப்பீர்கள்.